வெறும் குடுவை

என் மனைவிக்கு என்னைத் தெரிவதற்கு முன்பே ஒரு கிருமியைத் தெரியும். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அசைந்து கொடுக்காத கிருமி. அதைக் கொல்ல ஒரு மருந்து மூலக்கூறு செய்வதுதான் அவளுடைய பிஎச்.டி. பெண் பார்க்கப் போன அன்றே இதைச் சொல்லிவிட்டாள். "முடிக்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டேன். "அதை அந்தக் கிருமிகிட்டதான் கேக்கணும்" என்றாள். அன்று சிரித்தேன். கல்யாணமான பிறகு அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

நாங்கள் சேலையூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், அவள், என் அம்மா. காலையில் நான் சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் பிடிப்பேன். அவள் தாம்பரம் போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் கல்லூரிக்கு பஸ் ஏறுவாள். சாயங்காலம் திரும்பும்போது அவள் துப்பட்டாவில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாசனை வரும். ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்தேன். இப்போது அந்த வாசனை வராவிட்டால் "இன்னிக்கு லீவா?" என்று கேட்கிறேன்.

அவள் வேலையில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். ரசாயனங்களைக் குடுவையில் சேர்ப்பாள், சூடாக்குவாள், கழுவுவாள், வடிகட்டுவாள், காயவைப்பாள். சமையல் மாதிரிதான். ஆனால் வாரக்கணக்கில் சமைத்தால் கடுகளவு பொடி கிடைக்கும். அந்தப் பொடிக்கு ஒரு நம்பர் போட்டு, கிருமிகளை வளர்க்கிற துறைக்கு அனுப்புவாள். அவர்கள் சின்னச் சின்னக் குழிகளில் கிருமியையும் பொடியையும் ஒன்றாக விட்டு வைப்பார்கள். மறுநாள் குழி கலங்கியிருந்தால் கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் ஒழிந்தது. "குழி தெளிஞ்சா அன்னிக்கு எனக்குத் தீபாவளி" என்பாள். தீபாவளி லேசில் வராது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உண்மையான குடுவைக்குப் பக்கத்தில் இன்னொரு குடுவையையும் வைப்பாள். அதே திரவம், வினையைத் தூண்ட அதே செம்பு உப்பு, அதே சூடு, அதே கழுவல். முக்கியமான பொருளை மட்டும் போடமாட்டாள். முடிவில் அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்த ஒன்றுமில்லாததையும் சுரண்டியெடுத்து, மற்றவற்றோடு கலந்து நம்பர் போட்டு அனுப்புவாள், சோதிப்பவருக்கு எது எதுவென்று தெரியாதபடி. அதற்கு அவள் வைத்த பெயர் வெறும் குடுவை. லேபில் எல்லாரும் கேலி செய்வார்கள். நானும் விடவில்லை. "அரிசி போடாம பொங்கல் வெச்சு, அதை ருசி பாருங்கன்னு நீட்டறே" என்றேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "பொங்கல் நல்லாருக்குன்னா, அது அரிசியாலயா நெய்யாலயான்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீரில் தொற்று வரும். அவளுடைய வைத்தியம் எளிமையானது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்குவாள். இரண்டு போட்டதும் காய்ச்சல் விட்டுவிடும். மிச்சம் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும், அடுத்த தடவைக்கு. பாதித் தாம்பரத்தின் வைத்தியம் இதுதான். கல்யாணமான புதிதில் அந்த டின்னைத் திறந்து பார்த்த என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, ரெண்டு மாத்திரைல செத்தது நோஞ்சான். பொழைச்சது பயில்வான். அடுத்த வாட்டி வர்றது பயில்வானோட புள்ளைங்க" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள், நம்பவில்லை. ஒரு தடவை எந்த மாத்திரைக்கும் தொற்று அடங்காமல் போய், ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் டின் குப்பைக்குப் போனது. அம்மாவின் நம்பிக்கை மொத்தமும் மருமகள் பக்கம் சாய்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் குழிகள் தெளிந்தன. ஒன்றல்ல, அவள் செய்து அனுப்பிய ஒரு வரிசை முழுக்க. கம்பெனி பஸ் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றபோது போன் வந்தது. "தெளிஞ்சிடுச்சு" என்றாள், அதற்குமேல் பேச முடியவில்லை அவளுக்கு. அவளுடைய கைடு கட்டுரை எழுத உட்கார்ந்தார். தீசிஸும் முடிந்த மாதிரிதான். அம்மா கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் சொன்னாள், "என் மருமக மருந்து கண்டுபுடிச்சிட்டா" என்று. எங்கள் தெரு இருக்கிற இடமே ஒரு காலத்தில் அந்தம்மா குடும்பத்து வயல். அவருக்கு ஒரு செய்தி தெரிந்தால் ஏரிக்கரை வரைக்கும் தெரிந்த மாதிரி.

ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அந்தச் சுற்றில் வெறும் குடுவைக்குச் சோதனைக் குழி மிச்சமில்லை. அடுத்த சுற்றில், மறுபரிசோதனையோடு சேர்த்துத்தான் அதை வைக்க முடியும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார் கைடு. இவள்தான் அவகாசம் கேட்டு வாங்கினாள்.

அடுத்த சுற்று வந்தது. அவளுடைய பொடிகள் எல்லாம் மறுபடியும் தெளிவு. வெறும் குடுவையும் தெளிவு.

அன்று வீட்டுக்கு வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமே இல்லாததும் கொன்னுடுச்சுங்க" என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் விளக்கினாள். கொன்றது செம்பு. இந்த வரிசைக்கு மட்டும் செம்பு உப்பை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டிருந்தாள். நாங்கள் செப்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கிற வீடு. செம்புக்குக் கிருமி அஞ்சும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. எவ்வளவு கழுவியும் கண்ணுக்குத் தெரியாமல் பொடியில் ஒட்டியிருந்த செம்புதான் வேலையைச் செய்திருக்கிறது. அவள் வருஷக்கணக்கில் செய்த மூலக்கூறுகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கின்றன. அந்தச் செம்பையே மருந்தாகக் கொடுக்கலாமே என்றால், கிருமியோடு நோயாளியும் போய்விடுவான்.

"கொஞ்சமாவது உன் மருந்தோட வேலையும் இருக்கலாம்ல?" என்றேன்.

"இருக்கலாம். இருக்குன்னு எழுத முடியாது. எழுதினா அதை நம்பி இன்னொருத்தி அவ வருஷத்தையெல்லாம் தொலைப்பா."

கைடிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். அவர் லேப்டாப்பை மூடிவிட்டு, "நல்லவேளை, நாமளே புடிச்சோம். நீ சாப்டியாம்மா?" என்றாராம். அந்த மனுஷனையும் எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவளுக்கு பயம் வேறு இடத்தில் இருந்தது. "சார்கிட்ட சொல்லிட்டேன். அத்தைகிட்ட எப்படிச் சொல்வேன்?" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலை அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். நான் ஷூ மாட்டுகிற சாக்கில் வாசலில் நின்றேன்.

"அப்ப என்னை மாதிரி ஆளுக்கு இன்னும் மருந்து வரலையா?" என்றாள் அம்மா.

"வரல, அத்தை."

அம்மா மறுபடி பீன்ஸை நறுக்க ஆரம்பித்தாள். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, ஏமாற்றமா, ஒன்றும் தெரியவில்லை. இவள் மட்டும் வழக்கம்போல பஸ் ஏறினாள். செம்பே இல்லாத வேறொரு வழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய ஆரம்பித்தாள். தீசிஸ் தள்ளிப்போனது.

என் தொழிலில் கடைசி நேரத்தில் ஒரு கோளாறு தெரிந்தால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். 'தெரிந்த குறை' என்று ஒரு ஓரத்தில் எழுதிவிட்டு, சாஃப்ட்வேரை அனுப்பிவிட்டு, பிரியாணி சாப்பிடப் போவோம். இவளோ தன் வெற்றிக்குத் தானே குழி வெட்டி, அதில் தள்ளி மூடிவிட்டு, மறுநாள் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டாள். எனக்கு அவள்மேல் இருந்தது அதுவரை பிரியம். அன்றிலிருந்து மரியாதையும் சேர்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட் அருகில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் ஹவுஸ் ஓனர் அம்மாவும் கீரைக்காரரிடம் நின்றிருந்தார்கள்.

"இன்னாக்கா, உன் மருமவ மருந்து கண்டுபுடிச்சான்னு சொன்னியே, கடைல வந்துகீதா?" என்றார் அவர்.

என் கை நின்றுவிட்டது. அம்மா பேச்சை மாற்றிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அது மருந்து இல்ல" என்றாள் அம்மா.

"அப்படின்னு யாரு சொன்னது?"

"அவளேதான். அவங்க சாரே மருந்துன்னாரு, நானும் தெருவெல்லாம் மருந்துன்னேன். இல்லைன்னு என் மருமகதான் கண்டுபுடிச்சா."

முதல் சேதியைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னாள். பிறகு முளைக்கீரையில் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.