கை முதலில் வர வேண்டுமாம்

ஓய்வு பெற்ற பிறகு கணினியில் தமிழ் தட்டச்சுச் செய்யக் கற்றுக்கொண்டேன். எங்கள் மயிலாப்பூர்த் தெருக்கோயில் அம்பாள் மீது ஓர் அந்தாதியை அதிலேயே இயற்றினேன். திருவடியில் தொடங்கித் திருமுடியில் முடியும் வெண்பாக்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல். நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் அந்த மென்பொருள் சிவப்பு அடிக்கோடு இட்டது. வெண்பாவைத் திரும்பிப் பார்க்கவே ஆளில்லாத காலத்தில், ஓர் இயந்திரமாவது வரி விடாமல் படித்துக் குறை காண்கிறதே என்று மகிழ்ந்தேன்.

நவராத்திரி வெள்ளிக்கிழமை சந்நிதியில் பாடுவதற்காகத் தெருப் பெண்கள் அதைப் பயின்றுகொண்டிருந்தார்கள். தியாகராய நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் தென்மாவட்டத்து அன்பர் ஒருவர் நூலை அச்சிட்டுத் தர முன்வந்தார். பிரதிபலன் எதிர்பாராத பக்தர். முன்னட்டையின் உட்புறம் முழுவதும் தம் கடையின் விளம்பரம் மட்டும் போதும் என்றார். மாதிரிப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“என்னய்யா, நம்ம விளம்பரத்துக்கு எதிர்ப் பக்கம் காலைப் பத்தின பாட்டுல்லா வருது?”

“அம்பாளின் திருவடி. அங்கிருந்து தொடங்குவதுதான் மரபு.”

“இருக்கட்டும்யா. நடுவுல அள்ளிக் கொடுக்கிற கையைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கீயள்லா? அதைத் தூக்கி முன்னால போட்ருங்க. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசச் சோலி.”

மறுத்தால் அச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை பெண்கள் கையில் புத்தகம் இராது. இசைந்தால் அம்பாளின் கை காலுக்குக் கீழே முளைக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று யோசித்தபடி, பக்கங்களை வடிவமைத்த ராயப்பேட்டைக் கடைக்குப் போனேன்.

“கையத் தூக்கி முன்னாடி வெக்கணும், அவ்ளோதான? இதுக்கா சார் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?” என்று கணினி முன் இருந்த பெண் சிரித்தாள். வெட்டினாள், ஒட்டினாள். கையின் கடைசிச் சொல்லுக்கும் திருவடியின் முதற்சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை. கை இருந்த இடத்திலும் தொடர் அறுந்து கிடந்தது.

“இன்னா சார், ரயில் பொட்டி கணக்கா ஒண்ணோட ஒண்ணு மாட்டி வெச்சிகீறீங்க!”

அப்போதுதான் என் புலமை வேலை செய்தது. அந்தாதியின் கடைசிப் பாட்டு முடியும் சொல்லில்தான் முதற்பாட்டு தொடங்குகிறது. அது ஒரு வட்டம். ஆகவே கையை மட்டும் எடுக்காமல், திருவடி முதல் இடை வரையுள்ள பாட்டுகளை மொத்தமாக வெட்டித் திருமுடிக்குப் பின்னால் ஒட்டச் சொன்னேன். ஒரு கண்ணியும் அறவில்லை. நாற்காலியில் சாய்ந்து, பெருமையோடு முதலிலிருந்து படித்தேன். கை, தோள், கழுத்து, முகம், முடி. பிறகு பாதம், முழந்தாள், இடை. முற்றும்.

“ஏன் சார், அம்மன் இடுப்போட நின்னுட்டா?” என்றாள் அவள்.

பட்டுக்கடைக்காரர் செலவில் அச்சாகும் நூல் புடவைக் கொசுவத்தில் வந்து முடிவது பொருத்தம்தான் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. “பழையபடி ஆக்கிவிடு அம்மா” என்றேன். செய்ததெல்லாம் செய்யாததாயிற்று. பல பிறவிகளாக நான் வேண்டிவரும் வினைநீக்கம் அவளுடைய இரண்டு விரல்களில் இருந்தது.

“பாட்டுக்குப் பதில் விளம்பரத்தை நகர்த்தலாமா?”

“அது இன்னும் சுளுவு சார்.”

விளம்பரம் நடுவே போய், கைப் பாட்டுக்கு எதிரே அமர்ந்தது. புதிய பிரதியைத் தியாகராய நகருக்கு எடுத்துச் சென்றேன்.

“நடுப்பக்கமா! பொஸ்தகம் தானா விரியுற இடம்லா அது! உங்களுக்கு யாவாரம் தெரிஞ்சிருக்கே அய்யா!” என்றார் அன்பர். வாழ்நாள் முழுதும் பக்திப் பனுவல்களில் தோய்ந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் இது.

வெள்ளிக்கிழமை பெண்கள் திருவடியில் தொடங்கினார்கள். இடை முடிந்ததும் எல்லாரும் ஒருசேரப் பக்கம் புரட்டினார்கள். பாட்டு ஒரு கணம் தயங்கியது. “இந்த மாம்பழக் கலர் நன்னாருக்குடி, நாளைக்கே போய்ப் பாக்கணும்” என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பிறகு கை, தோள், கழுத்து என்று பாட்டு மெல்ல ஏறித் திருமுடியைத் தொட்டது. அம்பாள் முழுதாக நின்றாள்.