அனுபல்லவியில் முடிந்த பாட்டு

பம்பாயில் சுவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். தென்காசிப் பக்கம் வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் இது முழுதாகப் பழகவில்லை. ஊரில் தொண்டை கிழியப் பாடினாலும் கேட்பதற்கு மாடும் தென்னையும்தான். இங்கே வாயைத் திறந்தால் நாலு குடித்தனம் கேட்கும். அப்படிக் கேட்ட ஒரு மராட்டிக்கார அம்மாள்தான் பாட்டு டீச்சரான என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டியதே அவளுக்குத் தெரியாது.

என்னிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட பெண்களில் சரோஜாவும் ஒருத்தி. தாராவியிலிருந்து நடந்து வருவாள். பதிமூன்று வயது, கணீரென்ற குரல். அவள் அப்பா சுடலைமுத்து குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஒரு வருஷம் பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்க, பாட்டின் நடுவில் நின்றுபோய் அழுதுவிட்டாள் சரோஜா. மறு வருஷச் சதுர்த்திக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், இந்தத் தடவையும் நடுவுல நின்னாள்னா பாட்டுக்கு ஒரு கும்பிடு. டைப்பு கிளாஸ்ல சேத்துருவேன். என்னால ஊர்க்காரங்க மூஞ்சில முழிக்க முடியல.”

சரோஜாவுக்குப் பாட்டு என்றால் உயிர். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையைச் சொல்லிக்கொடுத்து, என் வாத்தியார் எனக்கு வைத்த சட்டத்தையே அவளுக்கும் வைத்தேன். எங்கே பிசகினாலும் “மொதல்ல இருந்து!” ஊரில் அது கட்டுப்படியானது; மத்தியானம் முழுக்க எங்களுடையது. பல்லவியில் நூறு தடவை விழுந்து எழுந்து, விளக்கு வைப்பதற்குள் சரணத்தைத் தொட்டுவிடுவோம். சரோஜாவுக்கு வீட்டில் கிடைத்ததோ, அம்மா குழாயடிக்குப் போய்த் திரும்பும் அரை மணி நேரம்.

ஒரு மாதம் கழித்தும் அனுபல்லவி ஏறவில்லை. வீட்டில் எப்படிப் பாடிப் பழகுகிறாள் என்று பார்க்க ஒரு காலையில் தாராவிக்கே போனேன். சரோஜாவின் பாட்டு நின்றதும் பக்கத்து அறை மராட்டிக்காரி சாந்தாபாய் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“கானா பஹுத் அச்சா ஹை. லேகின் கித்னா சோட்டா!” என்றாள். பாட்டு ரொம்ப நன்றாயிருக்கிறதாம், ஆனால் சின்னதாம்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், பெரிய பாட்டு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் கேட்கிறவளுக்குத் தெரியாதா? தானே பாடிக் காட்டினாள். பல்லவி சுருதி பிசகாமல் வந்தது. அனுபல்லவியில் முதல் சொல்லை எடுத்து மேலே ஏறினாள். அங்கே “ச்சு!” என்று நாக்கைத் தட்டிவிட்டுக் கைகூப்பினாள். சரோஜா பிசகும்போதெல்லாம் போடும் அந்த “ச்சு”வோடு பாட்டு முடிகிறது என்றே அவள் எண்ணியிருந்தாள்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சுருக்கென்றது. ஒரு மாதமாக இந்தப் பெண் பல்லவியையும், நிற்பதையும் மட்டுமே பாடிப் பழகியிருக்கிறாள். பழக்கிவிட்டவள் நான்.

அன்றைக்கே சட்டத்தை மாற்றினேன். பழகுவதும் இனி என் வீட்டில்தான் என்றேன். இடறுகிற வரியை மட்டும், மெதுவாக, ஐந்து தடவை பிசகாமல் பாட வேண்டும். பிறகு அதற்கு முந்தின வரியோடு சேர்க்க வேண்டும். பல்லவிக்குக் கடைசியில் வந்தால் போதும்.

சரோஜா பயந்தாள். “சாமி பாட்டு டீச்சர், பாதியில ஆரம்பிக்கலாமா?”

“பாதியில நிறுத்தலாம், ஆரம்பிக்கக் கூடாதாட்டி?” என்றேன்.

சதுர்த்தி வந்தது. பந்தலில் சரோஜா பல்லவியை முடித்து அனுபல்லவி எடுத்தாள். முன்வரிசையிலிருந்த சாந்தாபாய், பாட்டு முடிந்ததென்று எண்ணி, அந்த “ச்சு” வரும் இடத்தில் படபடவென்று கைதட்டிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. சரோஜா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். மேல் ஷட்ஜத்தில் போய் நின்றாள். சரணம் வரை போனாள். இன்னும் இருக்கிறதா என்று சாந்தாபாய் வாயைப் பிளந்தாள். பாட்டு முழுதாக முடிந்தபோது, சுடலைமுத்து பந்தல் காலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். தங்கை சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள், பாடினேன். சரணத்தில் இடறியது. நின்று, இடறிய வரியிலிருந்தே எடுத்தேன்.

“என்னக்கா, மொதல்ல இருந்து பாடலியா?”

“எங்க ஊர்ல இப்படித்தான் பாடுவோம்” என்றேன்.

“எது உன் ஊரு?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை; எங்க ஊர் என்று என் வாயில் வந்தது பம்பாய். அவள் கை சுருதிப்பெட்டியை நிறுத்தவில்லை. பல்லவியை எடுப்பதா, விட்ட வரியை எடுப்பதா என்று தெரியாமல், நான் பிறந்த வீட்டின் கூடத்தில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.