எதிரே வந்த ஒற்றை விரல்

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் எதிரே வண்டி ஓட்டி வந்த அத்தனை பேரும் என்னைப் போலீஸ் செக்கிங்கிலிருந்து காப்பாற்றத் துடிக்கிறார்கள் என்று நான் நம்பினேன். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் இல்லை, பகல் முழுக்க நம்பினேன்.

நான் வண்டி ஓட்டப் பழகியது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில். அந்தச் சாலையில் எதிரே வருகிறவன் கையைத் தூக்கினால் காரணம் இருக்கும். பகலில் ஹெட்லைட் எரிகிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை, இல்லையென்றால் வன்னியம்பட்டி பக்கம் போலீஸ் நிற்கிறது. முன்பின் தெரியாதவன் சும்மா கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

என் தங்கை அங்கே ஒரு சுரங்க ஊரில் இருக்கிறாள். மகளுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவேன் என்று பிடிவாதம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அந்த ஊரில் காது குத்த ஒரே ஆள், எப்போதாவது டாக்டரோடு குட்டி விமானத்தில் வந்து போகிற நர்ஸம்மா. அன்று சாயங்காலம் அந்த விமானம் கிளம்புவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது நான் ஊர் திரும்பியிருப்பேன்.

விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொள்ளத் தங்கையின் கணவர் ராத்திரியெல்லாம் ஓட்டி வந்திருந்தார். திரும்பும்போது பாதி வழியில் அவருக்குக் கண் சொருகியது.

“மச்சான், நீங்க ஓட்டுதீங்களா? நேரா போங்க, வளைவே கெடையாது. இதே வேகத்துல போனா மத்தியானத்துக்குப் பொறவு செத்த நேரத்துல வீடு.”

“தூங்குங்க மாப்ள. சேத்தூர் பஸ்சுக்கும் மினி லாரிக்கும் நடுவுல பூந்து வந்தவன் நான். இந்தப் பொட்டக்காடு எம்மாத்திரம்?”

அவர் பின் சீட்டில் படுத்ததும் குறட்டை. சிவப்பு மண், சிவப்பு மண், அதற்கு அந்தப் பக்கமும் சிவப்பு மண். வெகுநேரம் கழித்து ஒரு பெரிய லாரி வந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் இருந்த கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார்.

நிறுத்தினேன். ஹெட்லைட் அணைந்திருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. டயர் நாலும் காற்றுக் குறையாமல் நின்றன. மறுபடி கிளம்பினால் ஒரு ஜீப். அதே விரல். மறுபடி இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஈ மூக்குக்குள் போனதுதான் மிச்சம். வண்டியில் குறையில்லை என்றால் மிச்சம் செக்கிங்தான். இந்த அத்துவானத்தில் போலீஸ் எங்கே நிற்பான்? மரம்கூட இல்லையே, எதற்குப் பின்னால் ஒளிவான்? ஒளிய இடமில்லாத ஊரிலும் ஒளிகிறான் என்றால் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பயம் கூடியது. வேகத்தைப் பாதிக்குக் குறைத்தேன். ஊரில் லைசென்ஸ் கேட்டால் சொந்தக்காரப் போலீஸ் ஒருவர் பெயரைச் சொல்லலாம். இங்கே கங்காருவின் பெயரையா சொல்வது?

அடுத்த வண்டிக்காரரிடம் கேட்டே விடுவதென்று, உள்ளங்கையை விரித்துத் திருப்பி, “என்ன?” என்று சைகை காட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார். நானும் நிறுத்தினேன். இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார், பானெட்டைத் திறந்து பார்த்தார், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொன்னது எதுவும் புரியாமல் ஒரு கேன் தண்ணீர் கொடுத்தார். பிறகு விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார். அப்படியானால் போலீஸ் ரொம்பப் பக்கத்தில்! இன்னும் மெதுவாக உருட்டினேன்.

மாப்பிள்ளை எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

“எங்க இருக்கோம் மச்சான்?”

“ரோட்டுலதான்.”

“அது தெரியுது. ஏன் சப்பரம் மாதிரி உருட்டுதீங்க?”

“முன்னால செக்கிங் நிக்கான் மாப்ள. வாரவன் பூராம் வெரலத் தூக்கிக் காட்டுதான்.”

அவர் சிரித்த சிரிப்பில் சீட் ஆடியது. “அது வணக்கம் மச்சான்! இங்க ஆள் மூஞ்சியப் பாக்குறதே அபூர்வம். எதுக்க வாரவனுக்கு எல்லாரும் வெரலத் தூக்குவாக.” பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “ஏன் எழுப்பல? எம்புட்டு நேரம் போயிருச்சு!” போனை எடுத்தார். அந்தக் காட்டில் சிக்னல் இல்லை.

ஸ்டியரிங்கை அவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எதிரே மூன்று வண்டிகள் வந்தன. மூன்றுக்கும் அவர் விரல் தூக்கினார். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஊர் எல்லையில் ஒரு குட்டி விமானம் எங்கள் தலைக்கு மேல் ஏறிப் போனது. மாப்பிள்ளை அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

தங்கை வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. “அந்தம்மா உங்களுக்காக எம்புட்டு நேரம் பொறுத்துப் பாத்தாக தெரியுமாண்ணே? மூணு வருசமா தள்ளிப் போட்டது. இனியும் தள்ள முடியாதுன்னு குத்திட்டோம்.”

“யாரு மடியில?”

அவள் பக்கத்து வீட்டைக் காட்டினாள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், தலையில் தங்கையின் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியபடி, பெருமையாக நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் காதில் நர்ஸம்மா போட்ட ஸ்டீல் தோடு. நான் வாங்கி வந்த தங்கக் கம்மல் என் பையில் இருந்தது.