ஒரு வாடகை, ரெண்டு வீட்டுக்காரம்மா

"வீட்டுக்காரர் போயிட்டாராம்" என்று அவள் போனை வைத்துவிட்டுச் சொன்னதும் டிரைவிங் ஸ்கூலே கலங்கிப்போனது. ஆபீஸ் பெண் ஓடிவந்து நாற்காலி போட்டாள். முதலாளி அன்றைய வகுப்புகளை எல்லாம் ரத்து செய்யச் சொன்னார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அவள் கணவன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, "சாப்பாட்டு டப்பாவை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியே" என்றபடி உள்ளே நுழைந்தான். ஆபீஸ் பெண் வீலென்று கத்திவிட்டாள்.

"ஐயோ, இவர் இல்லைம்மா. நாங்க குடியிருக்கிற வீட்டுக்கு வீட்டுக்காரர். மாடியில இருந்தாரே, அந்தப் பெரியவர்" என்றாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கண்ணும் கலங்கியது. நல்ல மனுஷர். மாதம் பிறந்ததும் அவள் மாடியேறி வாடகையைக் கொடுத்தால், எண்ணிக்கூடப் பார்க்காமல் "வச்சிட்டுப் போம்மா" என்பவர்.

அவளுக்கு அந்தப் பக்கத்தில் 'பிரேக் அக்கா' என்று பெயர். கற்றுக்கொடுக்கும் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்கில் அதன்மேலேயே கால் வைத்துப் பழகி, பஸ்ஸில் போனாலும் வளைவு வரும்போது அவள் பாதம் தானாகத் தரையை அழுத்தும். கணவன் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் சமையல்காரன். சண்டை என்று கேள்விப்பட்டாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற ஆள். பள்ளிக் கடைசி வருஷத்தில் ஒரு மகள். கீழ்வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஸ்கூல் காரை ராத்திரி நிறுத்தப் பக்கவாட்டில் ஒரு சந்து. அந்தச் சந்துக்காகவே அவள் அந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வேறு ஊரில் பேங்க் அதிகாரி. இளையவள் இதே ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் மரணத்துக்கு வந்தபோதும் ஆளுக்கொரு மூலையில்தான் நின்றார்கள்.

மாதம் பிறந்தது. மூத்தவள் போனில் அழைத்தாள். "இனிமே வாடகையை என் கணக்குக்கு அனுப்பிடுங்க. நான்தான் பெரியவ." மறுநாள் இளையவள் நேரிலேயே வந்தாள். "அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது, வந்தது எல்லாம் நான். வாடகையை என்கிட்டதான் கொடுக்கணும்."

அன்று மாலை கணவன், "முதல்ல கேட்டவங்களுக்குக் கொடுத்துடு. பிரச்சினை தீர்ந்துது" என்றான்.

"ரெண்டாவதா கேட்டவங்க?"

"அவங்களுக்கு அடுத்த மாசம்."

"இது என்ன உங்க ஹாஸ்டல் சாப்பாடா, வரிசையில நிக்கிறவங்களுக்கெல்லாம் மாத்தி மாத்திப் பரிமாற?"

டிரைவிங் ஸ்கூலில் கூட வேலை பார்க்கிறவர் வேறொரு யோசனை சொன்னார். "அவங்க சண்டை முடியிற வரைக்கும் யாருக்கும் கொடுக்காதே. ஓசியில இரு." கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதை நினைத்தபடி படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது அவளிடம் ஒரு வக்கீலம்மா கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் புலி, ஸ்டியரிங் பிடித்தால் பூனை. ஒரு பெரிய மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது பிரேக் அக்கா விஷயத்தை மெல்ல எடுத்தாள்.

"வீடு கை மாறினா வாடகை நின்னுபோயிடாதுங்க" என்றாள் வக்கீலம்மா. "நீங்க போட்ட ஒப்பந்தமும் அப்படியே நிக்கும். ஆனா ரெண்டு பேரும் வாரிசு. ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தீங்கன்னா, இன்னொருத்தர் நாளைக்கு உங்க கழுத்தைப் பிடிப்பாங்க. யார்கிட்ட கொடுக்கணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லட்டும்."

"அதுவரைக்கும் கொடுக்காம இருக்கலாமா?"

வக்கீலம்மா முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "தப்பு! காலி பண்ணச் சொல்றதுக்கு நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்த மாதிரி ஆயிடும்."

"ரோட்டைப் பாருங்க மேடம், ரோட்டைப் பாருங்க!"

கார் குலுங்கி நின்றது. நின்ற காரிலேயே வக்கீலம்மா மிச்சத்தைச் சொன்னாள். "தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சு, தேதி தவறாம வாடகையை அதுல போடுங்க. போட்டதை ரெண்டு பேருக்கும் எழுத்துல தெரியப்படுத்துங்க. எந்தக் கஷ்டம் வந்தாலும் அதுல கை வைக்காதீங்க."

பிரேக் அக்கா அப்படியே செய்தாள். சகோதரிகள் இருவரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். மாதாமாதம் அதில் ஒரே வரி: 'வாடகை கணக்கில் போட்டாச்சு. நீங்கள் இருவரும் சேர்ந்து சொன்னால் அப்படியே தந்துவிடுகிறேன்.' இருவரும் பார்ப்பார்கள். ஒருவரும் பதில் போட மாட்டார்கள். குரூப்பை விட்டும் வெளியேற மாட்டார்கள். மகளின் பரீட்சைப் பணம் கட்ட முடியாமல் முழி பிதுங்கிய ஒரு மாதம், கணவன் தயங்கித் தயங்கி அந்தக் கணக்கின் பேச்சை எடுத்தான். அவள் அதைத் தொடாமல் கூடுதலாக இரண்டு பேருக்கு விடியற்காலை வகுப்பு எடுத்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. படிக்கட்டெல்லாம் தண்ணீர் ஓடியது. குழாயில் சொட்டுக்கூட இல்லை. அவள் மூத்தவளை அழைத்தாள்.

"அவதான் பக்கத்துலயே இருக்கா. அவளைக் கேளுங்க."

இளையவளை அழைத்தாள்.

"உரிமை கொண்டாடுற பெரியவங்களையே கேளுங்க."

மூன்று நாள் எதிர்வீட்டுக் குழாயிலிருந்து பக்கெட் பக்கெட்டாகச் சுமந்தார்கள். நாலாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பிய மகள், பக்கெட் தண்ணீர் சிந்திய வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை, முழங்கை சிராய்ப்புதான். ஆனால் அதுவரை பிரேக்கிலேயே காலை வைத்திருந்த பெண்மணி அன்றைக்கு அதிலிருந்து காலை எடுத்துவிட்டாள். குரூப்பைத் திறந்து குரலைப் பதிவு செய்தாள்.

"வாடகைன்னா ரெண்டு வீட்டுக்காரம்மா இருக்கீங்க. தொட்டி உடைஞ்சா ஒருத்தர்கூட இல்லை. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து எங்க நிலைமையைக் கண்ணால பாருங்க. பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுங்க."

"போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மூத்தவள் டாக்ஸியில், இளையவள் ஸ்கூட்டியில். கீழ்வீட்டு சோபாவில் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"நான் எத்தனை தடவை கூப்பிட்டேன், நீ போனே எடுக்கலை" என்று மூத்தவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கூப்பிட்டியா?" என்றாள் இளையவள், ஜன்னலைப் பார்த்து.

பிரேக் அக்கா குறுக்கே புகுந்தாள். "அம்மா, அதுல நான் வாய் திறக்க முடியாது. அது அக்கா தங்கச்சி பேசித் தீர்க்கிற விஷயம். எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டுதான். வாடகையை யார்கிட்ட தரணும்? தொட்டியை யார் மாத்துவாங்க?" சொல்லிவிட்டு, அந்தத் தனிக் கணக்கை போனில் திறந்து நீட்டினாள்.

மூத்தவள் அதை பேங்க் கண்ணால் பார்த்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளினாள். "ஒரு மாசம்கூட தப்பலையே" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. இளையவளுக்கு அங்கிருந்து தெரியவில்லை. எழுந்து வந்து அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குரூப்ல வர்றதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்துப் போடுறதுன்னு நினைச்சேன். பணம் உன்கிட்டதான் போகுதுன்னு" என்றாள் இளையவள்.

மூத்தவள் நிமிர்ந்தாள். "நான் உன்னை அப்படி நினைச்சிட்டிருந்தேன்."

சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்த கணவன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். பிறகு மூத்தவள், "தொட்டியைப் பார்க்கலாம், வா" என்றாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. அது பிரேக் அக்காவுக்கான அழைப்பில்லை என்று புரிந்து அவள் கீழேயே இருந்துவிட்டாள்.

இருவரும் மாடியேறி வெகுநேரம் ஆயிற்று. அப்பாவின் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தத்தையே காணோமே, அடிச்சுக்கிறாங்களோ?" என்றான் கணவன்.

"அடிச்சுக்கிட்டா சத்தம் கேக்காதா? சும்மா இருங்க."

இறங்கி வந்தபோது இருவர் மூக்கும் சிவந்திருந்தது. சமாதானம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் முடிவு ஒன்றாக வந்தது. இருவர் பெயரிலும் ஒரு கணக்கு ஆரம்பிப்பது. சேர்ந்திருக்கும் வாடகையில் தொட்டிச் செலவு போக மீதியை அதில் போடுவது. ஒப்பந்தத்தை இருவரும் கையெழுத்திட்டுப் புதிதாக எழுதுவது.

"ஐயாகிட்ட நான் கொடுத்த அட்வான்ஸ்?" என்று பிரேக் அக்கா விடாமல் கேட்டாள்.

"அதையும் ஒப்பந்தத்துல எழுதிடறோம். நீங்க போகும்போது நாங்கதான் திருப்பித் தரணும்" என்றாள் மூத்தவள். சற்று யோசித்து, "ஒரு நாள் வீட்டை வித்தாலும் விக்கலாம்" என்றும் சொன்னாள்.

"வித்தா, குடியிருக்கிற இவங்களோட சேர்த்துத்தான் விக்கணும்" என்றாள் இளையவள் சட்டென்று.

"அப்ப தொட்டி மாதிரி நாங்களும் வீட்டோட சாமானா?" என்று கணவன் கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சண்டைக்கு நடுவில் வாயைத் திறந்திருந்தான். முதலில் சிரித்தது மூத்தவள்தான்.

அந்த வாரமே புதுத் தொட்டி வந்தது. பத்து நாளில் ஒப்பந்தமும் வந்தது. இப்போதெல்லாம் மூத்தவள் மாதம் ஒருமுறை வந்து மாடியில் தங்குகிறாள். தங்கையும் வருகிறாள். மேலே அலமாரி நகர்த்தும் சத்தமும், "அதைத் தூக்கிப் போடாதே" என்ற வாக்குவாதமும் கீழே கேட்கும்.

கீழ்வீட்டிலும் ஒரு வேலை நடந்தது. மகளுடைய புத்தகங்கள் அத்தனை நாளும் தரையில்தான் அடுக்கிக் கிடந்தன. இருப்போமா போவோமா என்று தெரியாத வீட்டில் ஆணி அடிப்பானேன் என்று பிரேக் அக்கா விட்டுவைத்திருந்தாள். சுவரில் ஒரு பலகை அடித்துக்கொள்ளலாமா என்று இருவரிடமும் கேட்டாள். இருவரும் சரி என்றார்கள். கணவன் துளை போட்டான், மகள் அளவு பார்த்தாள். மாட்டி முடித்துப் பார்த்தால் பலகை இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.

"கழட்டி மறுபடி அடிக்கட்டுமா?" என்றான் கணவன்.

"அவசரம் என்ன? பொறுமையா சரி பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.