எள்ளளவு சிப்பும் வசந்தா மேடமும்

வசந்தா மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, பழவேற்காடு ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்ததும் மகன் சொன்னான். நான் திரும்பவும் தண்ணீரில் இறங்கி நின்றேன். வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை டிகிரி என்று சொல்ல ஆளில்லை.

அவரோடு வேலை பார்த்து, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கிற உங்களுக்கு அவர் பேராசிரியர். எங்களுக்கு, சேற்றில் வழுக்கினால் முதலில் தானே சிரிக்கிற மேடம். சூட்டை அளக்கும் எள்ளளவு சிப் ஒன்றைச் செய்திருந்தார். ஏரியில் சோதிக்க, அதைத் தாயத்து மாதிரி ஒரு குப்பியில் அடைத்து என்னிடம் தந்தார். நொடிநேரம் விழித்து அளக்கும், பிறகு தூங்கிவிடும்.

"தூங்கறதுக்கா மேடம் இம்மாம் படிப்பு? எங்கூட்டுக்காரரைக் கேட்டா சும்மாவே சொல்லிக் குடுப்பாரே!"

"முழிச்சிட்டே இருந்தா கரன்ட் தின்னு அதுவே சூடாயிடும், கஸ்தூரி. அப்புறம் ஏரியை அளக்காது, தன்னைத்தான் அளக்கும்."

ஒரு வாரம் கட்டிக்கொண்டு போனேன். படகிலிருந்து தண்ணீருக்குள் தொங்கிய கருவி காட்டியதைவிட சிப் தினமும் சூட்டைக் கூடுதலாகவே காட்டியது. மேடம் முகம் வாடிவிட்டது. "நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு. டிசைனே தப்பு, கைவிட்டுட வேண்டியதுதான்" என்றார். மூன்று வருஷ உழைப்பு. அன்று கரையிலேயே உட்கார்ந்து, நாங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறவர்கள் நாங்கள். இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். திடீரென்று மேடம் எழுந்து, "கஸ்தூரி, குப்பியை எங்கே கட்டியிருக்கே?" என்று கத்தினார். வாயில் கயிறு, எப்படிப் பதில் சொல்வது? துப்பிவிட்டுச் சொன்னேன்: "பறிக்கயித்துலதான் மேடம். தொலையக் கூடாதுன்னு மூக்குக்குக் கீழயே வெச்சிக்கினேன்."

சேலையோடு தண்ணீரில் இறங்கி வந்துவிட்டார். "ஒரு வாரமா உன் மூச்சையா அளந்தேன்!"

"அப்டியே ஜுரம் கீதான்னும் பாத்து சொல்லிடுங்க."

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். குப்பியைக் கணுக்காலில் கட்டினோம். இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. சிப் பிழைத்தது. அறிக்கையில் என்ன எழுதினார் என்று படித்தும் காட்டினார்: 'தவறு என்னுடையது. அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்க்கவில்லை.'

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இறங்கி வருதல்தான். நேற்று மருமகளின் கூடை காலியாக இருந்தது. திட்டு வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். "எப்படித் தடவறே, காட்டுடி" என்றேன். தண்ணீருக்கடியில் அவள் கைகளுக்குப் பக்கத்தில் என் கைகளும் மெல்ல நகர்ந்தன.