என் திரை காட்டிக்கொடுத்த இடது கை

மூன்று வருடங்களுக்கு முன், ஓணத்துக்கு முந்தைய வாரம் நடந்தது இது. திருவனந்தபுரம் தம்பானூர் பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டல். பரிமாறுபவர்கள் கைப்பேசியிலேயே ஆர்டர் எடுத்துச் சமையலறைக்கு அனுப்புகிற செயலியை எங்கள் சிறிய நிறுவனம்தான் அவர்களுக்குச் செய்து கொடுத்திருந்தது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முதல் வாரமே புகார் வந்தது. ஒரே ஒருவர் கவனிக்கும் மேசைகளில் மட்டும் ஆர்டர்கள் அடிக்கடி ரத்தாகின்றன என்றார்கள். அவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், எல்லாருக்கும் அண்ணாச்சி. சொல்லிக் கொடுத்ததைச் சரியாகக் கவனித்திருக்க மாட்டார் என்று பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் போனேன். மதியக் கூட்டம் ஓய்ந்ததும், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

"மேடம், ஒரு காரியம் சொல்லட்டா? எனக்கு இடக்கைதான் பழக்கம். இங்க ஆருக்கும் தெரியாது. எலையில விளம்புறதுக்கு மட்டும் வலக்கைய பழக்கிட்டேன்."

முன்பு வேலை பார்த்த இடத்தில் இடது கையால் ரசம் ஊற்றியதைப் பார்த்து ஒரு குடும்பமே இலையை விட்டு எழுந்துவிட்டதாம். அன்றைக்கே அவரைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். சோப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் கை வெடித்து, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். இங்கே ஒரு கையில் தண்ணீர் ஜக்கு, மறு கையில் கைப்பேசி. கைப்பேசியை எந்தக் கையில் பிடித்தாலும் யாரும் கவனிப்பதில்லை என்பதால் அதை மட்டும் இடது கையில் வைத்துக்கொண்டார். நானோ 'ரத்து' பொத்தானைக் கீழே இடது மூலையில், சரியாக அவர் கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில் வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரே நாளில் சரிசெய்தேன். 'இடக்கை முறை' என்று ஒரு வசதி. அதைத் தொட்டால் பொத்தான்களெல்லாம் இடம் வலம் மாறும், உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி இடது கைப் படமும் வரும். அந்தப் படம் முழுக்க என் மேதாவித்தனம். கரமனையில் எங்கள் வீட்டில் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டது வேறு.

நான்காம் நாள் மேனேஜர் வரச் சொன்னார். ஹோட்டலில் கைப்பேசிகள் நான்கு, ஆட்கள் ஏழு பேர். மாற்றி மாற்றித்தான் எடுப்பார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. அண்ணாச்சி சாப்பிடப் போகும் அவசரத்தில் அந்த முறையை அணைக்க மறந்திருக்கிறார். அடுத்து எடுத்தவர் குழம்பிப்போய், ஆரஞ்சுக் கையை நேராக மேனேஜரிடம் காட்டிவிட்டார்.

"மேடம், நம்ம சப்ளையர்மாரில் ஆரோ ஒருத்தன் இடக்கை. இது சாப்பாடு விளம்புற இடமாக்கும். ஆளு ஆருன்னு எனக்கு அறியணும்" என்றார்.

அண்ணாச்சி சற்றுத் தள்ளி சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். வலது கையில் கரண்டி. முகத்தில் ரத்தமே இல்லை. நான் வாயே திறக்கவில்லை, ஆனால் என் திரை அவரைப் போட்டுக்கொடுத்துவிட்டது.

"அது நான்தான் சார். டெஸ்ட் பண்ணிட்டு மாத்த மறந்துட்டேன். எனக்கு லெஃப்ட் ஹேண்ட் பழக்கம்" என்றேன்.

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வெளியாட்கள் வந்து போனதற்குக் கையெழுத்திடும் நோட்டை என் பக்கம் நகர்த்தி, "செரி, ஒரு ஒப்பு போடுங்கோ" என்றார்.

பேனாவை இடது கையில் எடுத்தேன். அந்தக் கையால் அதுவரை ஒரு கோடுகூடப் போட்டதில்லை. எந்த விரலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. எழுதி முடித்தபோது கோழி கிளறியதுபோல இருந்தது. போன தடவை நான் போட்ட கையெழுத்து அதற்கு மேல் வரியிலேயே அழகாக இருந்தது. இரண்டையும் பார்த்தவர், நோட்டை மூடினார். அந்த ஆள் யாரென்று பிறகு அவர் கேட்கவே இல்லை.

மேனேஜர் உள்ளே போனதும், கேட்காமலேயே ஒரு காப்பி வந்தது. கொண்டுவந்தவர் அண்ணாச்சி.

"குடிங்க மேடம். பழக்கமில்லாத கையில மொதல்ல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

நான் அரை நிமிடம் பட்ட பாட்டை இந்த மனிதர் தினமும், ஒவ்வொரு இலைக்கும் பட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

அன்றைக்கே இடக்கை முறையைத் தூக்கிவிட்டேன். 'அனுப்பு' பொத்தானைத் திரையின் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீட்டினேன். 'ரத்து' உச்சிக்கு, நட்ட நடுவுக்குப் போயிற்று. எந்தக் கட்டைவிரலும் அங்கே தவறுதலாகப் போய்விடாது. இதுதான் வசதி என்று வலக்கைக்காரர்களும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் போனபோது அண்ணாச்சி, "இப்ப நம்ம எந்தக் கைன்னு இந்தப் போனுக்குத் தெரியாதுல்லா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார்.

இன்றும் ஒரு திரையில், 'நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று கேட்கும் பொத்தானை வைக்கப் போகும்போதெல்லாம், அதைத் தொடுகிறவர் பக்கத்தில் அந்த நேரத்தில் யார் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறேன்.