மீன் நாற்றத்தை அளக்க ராஜகுளம் வரை

உத்திரமேரூர் வட்டாரப் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், சென்ற சனிக்கிழமை நான் காலை ஐந்தரை மணிக்கே எழுந்துவிட்டேன். யாரும் பீதியடைய வேண்டாம். எங்கள் தெருச் சேவல்தான் இன்னும் மனம் தேறவில்லை.

காரணம் என் சித்தி. மீன் வியாபாரம். ஒரு மாணவர் விடுதிக்கு ஞாயிறுதோறும் கடல்மீன் கொடுக்கிறாள். வருமானத்தில் பாதி அதுதான். அதற்கு முந்தின வாரம் விடுதி மேலாளர் மீன் நாறுவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த மீன் நல்ல மீன் என்று சனிக்கிழமை மாலைக்குள் லேப் ரிப்போர்ட் வர வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

ஆறு நாற்பதுக்குக் காஞ்சிபுரம் பஸ். சித்திக்கு மகளிர் இலவசம், எனக்கு இருபத்தைந்து ரூபாய். மாகறல் பக்கம் கண்டக்டர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“இன்னாம்மா கீது உள்ள?”

“சங்கரா மீனு.”

“யாரு வூட்டுக்கு?”

“மெஷினுக்குண்ணே, மோந்து பாக்க” என்றேன்.

“மோந்துட்டு கொழம்பும் வெக்குமா?” என்று கேட்டுவிட்டு விசிலை ஊதினார்.

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் கட்டிவந்த பழைய சோறும் நெத்திலிக் கருவாடும். தண்ணீர் பாட்டில் காலி, அதனால் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன். அங்கிருந்து லேப் இருக்கும் ராஜகுளம் ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம், தலைக்கு முப்பது ரூபாய்.

லேபில் கலைச்செல்வி அக்கா. வாலாஜாபாத்காரர், பேச்சு குறைவு, கை வேகம். மீனை அரைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, காரக் கரைசல் விட்டு, மூடியை இறுக்கிச் சூடாக்கினார். மீன் கெடும்போது உண்டாகும் ஆவிகள் குப்பியின் மேல்பகுதியில் சேருமாம். அந்தக் காற்றை ஊசியால் உறிஞ்சி, மெஷினுக்குள் சுருண்டு கிடக்கும் முப்பது மீட்டர் குழாய்க்குள் அனுப்புகிறார். எங்கள் டவுன் பஸ் மாதிரிதான்: எல்லா ஆவியும் ஒன்றாக ஏறும், ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்கு இறங்கும். இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு மலை எழும்பும். மலை உயர்ந்தால் மீன் காலி.

என்னை மயக்கியது வேறொன்று. மீனே இல்லாத ஒரு குப்பியையும் அக்கா ஓட்டுகிறார். அதில் மலை வரக் கூடாது. வந்தால் மீனின் மலையையும் நம்ப மாட்டார். ஒன்றுமில்லாததையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அளக்காமலே பேசுவோம்.

மீன் இல்லாத அந்தக் குப்பியை, “இத்த கொஞ்சம் புடி” என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மெஷினுக்கு நிஜமாகவே மூக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆசை. கருவாட்டு விரலைக் குப்பியின் வாய்க்குள் ஒரு சுற்று சுற்றினேன்.

அக்கா அதை வாங்கி மூடி, சூடாக்கி ஓட்டினார். மலை வந்தது. சின்ன மலைதான். அக்காவின் முகம் மாறியது.

“வெறுங்குப்பிலயே வருதுக்கா. மெஷின்ல அழுக்கு கீதா தெரியல. சுத்தம் பண்ணி திங்கக்கெழமதான் ரிப்போர்ட்” என்றார் சித்தியிடம்.

“திங்கக்கெழம எனக்கு வியாபாரமே இருக்காதும்மா” என்றாள் சித்தி. பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள், மூடியிருந்ததையே மறுபடியும்.

அப்போதுதான் நான் நெஞ்சை நிமிர்த்தி, வீரனாக முன்வந்து உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை, சோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினார். புதுக் குப்பி போட்டு ஓட்டினார்: கோடு படுத்தே கிடந்தது. சித்தியின் சங்கராவுக்கு ஒரு மேடுகூட இல்லை, வரப்பு அளவுதான். மூன்று மணிக்கு ரிப்போர்ட், ஐந்தரைக்கு விடுதியில் கொடுத்தாயிற்று. ஆர்டர் நின்றது, அதாவது நிலைத்தது.

போகிறவர்களுக்கு: முதல் நாளே போன் செய்து கேளுங்கள். மீனுக்குக் கீழேயும் மேலேயும் ஐஸ் போடுங்கள். கருவாடு சாப்பிட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். முடிந்தால் என்னைப் போன்ற ஆளைக் கூட்டிப் போகாதீர்கள்.

இதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். ‘வீரனாக முன்வந்து’ என்ற இடத்தில், “டேய், ஒயுங்கா எய்து” என்றாள். சரி, எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி ஒரு காலில் செருப்பு மாட்டிவிட்டேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரலை மோந்து பார்த்து, அக்காவிடம் சொன்னாள்:

“மெஷினு நல்லாத்தான் கீதும்மா. அழுக்கு இங்க நிக்குது பாரு.”